நாலு பக்கமும் வாசல்

கட்டிமுடியாத என் புது வீட்டில் இன்ஜினியர் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்தார். "ஃபேனே வேணாம் சார். மூணு பக்கமும் வாசல் வச்சாச்சு, மேக்க மட்டும் அடைச்சாச்சு, வெக்கை வராது. கரண்ட் பில் மிச்சம்."

குறுக்கே வந்த காற்றில் அம்மா நினைவு வந்தது. மத்தியானங்களில் எங்கள் தகரக்கூரை வீட்டில் இருக்க முடியாது. பட்டாசுக் கம்பெனியிலிருந்து திரும்பும் அம்மா, வெடிமருந்து வாடையடிக்கும் முந்தானையால் விசிறிக்கொண்டு சொல்வாள்: "ஏலே, கம்பெனியில எங்க ரூமுக்கு நாலு பக்கமும் வாசல். காத்து அம்புட்டு வரும்." எனக்குப் பொறாமையாக இருக்கும்.

பக்கத்து ரூம் வெடித்த அன்று, செருப்பை விட்டுவிட்டு, கிட்ட இருந்த வாசல் வழியே தப்பி ஓடிவந்த அவள் எங்கள் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்தபோதுதான், அந்த வாசல்கள் காற்றுக்காக வைத்தவை அல்ல என்று தெரிந்தது.

"மேக்க ஒரு வாசல் வைங்க" என்றேன்.

"வெக்கை உள்ள வந்துரும் சார்."

"வரட்டும்."