கருப்பசாமி கையில் ஜப்பான் வாள்

மலைக்கோட்டைக்குக் கீழே சாணைக்கடை வைத்திருந்த ஜெகபர் அலியிடம் அரிவாள்மணையைக் கொடுத்தால்கூட, முதலில் அதை வெயிலில் சாய்த்துப் பார்ப்பார். உலக மகா சண்டை முடிந்த கையோடு மலாயாவின் பினாங்கில், ஜப்பான் சிப்பாய்கள் விட்டுப்போன வாள்களுக்கு வேறு பிடி போட்டுத் தோட்டக் கத்தியாக்கும் பட்டறையில் வேலை பார்த்தவர் அவர். அந்த இரும்பின்மேல் அங்கே பிடித்த பைத்தியம் ஊர் திரும்பியும் தெளியவில்லை. மீன் வெட்டும் கத்தியில் இந்த மனுஷர் எதைத் தேடுகிறார் என்று வாடிக்கைக்காரர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

1958 ஆடியில் திருவெள்ளறைப் பக்கத்திலிருந்து கருப்பசாமி கோயில் வாள் சாணைக்கு வந்தது. பித்தளையில் யாளிமுகப் பிடி. சாமி வாளை ஒரு வீட்டார் மட்டும் வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது அந்த ஊர்க் கட்டுப்பாடு. அதனால் பூசாரி பிச்சையோடு பங்காளி வீட்டு மயிலம்மாளும் பஸ் ஏறி வந்திருந்தாள்.

ஜெகபர் அலி எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு வாளைச் சாய்த்தார். கூர் ஓரம் முழுக்க, பினாங்கு வாள்களில் பார்த்த அதே மாதிரி, அலை அலையாய் ஒரு வெள்ளைக் கோடு ஓடியது.

“யா அல்லா! ஜப்பான்! அசல் ஜப்பான்!”

அவர் போட்ட சத்தத்தில் எதிர் ஜவுளிக்கடையே திரும்பிப் பார்த்தது. பிச்சைக்கு முகம் வெளிறிவிட்டது. அவனும் சண்டை முடிந்துதான் மலாயா ரப்பர் தோட்டத்திலிருந்து திரும்பியவன்.

“வெறுங்கையோட வந்தேன்னு சொன்னியே!” என்று மயிலம்மாள் பிடித்துக்கொண்டாள். “சாமி வாளை வித்துட்டு, பிடிக்குள்ள இதைச் சொருகிட்டியா? இனிமே நீ வாளைத் தொடக் கூடாது. பூசாரித்தனம் எங்க வீட்டுக்கு வரட்டும்.”

“கருப்பன்மேல சத்தியமா இல்ல அண்ணி. பாய், நீங்களாவது சொல்லுங்க!”

தன் வாய் வளர்த்த வம்பு என்று ஜெகபர் அலிக்கு உறைத்தது. “ஜப்பான் வாளுக்குப் பிடிக்குள்ள போற வால் நீளம். இந்தப் பிடிக்குள்ள நுழையணும்னா அதை அறுத்துத்தான் ஆகணும். அறுத்தது எப்பன்னு அறுத்த இடமே சொல்லிடும். பிடியைக் கழட்டவா?” என்றார். அது புது அறுப்பாக இருந்துவிட்டால் பிச்சையின் கதி அதோகதிதான்.

பிச்சை கண்ணை மூடிக்கொண்டான். “கழட்டுங்க பாய்.”

வாளில் ஈரத்துணி சுற்றி, பிடியைக் கரி அடுப்பில் காட்டினார். உள்ளே இருந்த அரக்கு இளகியது. இழுத்ததும் வால் வந்தது, கன்னங்கரேலென்ற துருவோடு.

“சாமி வாள்ல இம்புட்டுத் துருவா!” மயிலம்மாள் பழக்க தோஷத்தில் ஒரு கை செங்கல்பொடியை அள்ளித் தேய்க்கப் போனாள்.

“ஆத்தா, நிறுத்துங்க! இந்தத் துருதான் சாட்சி!”

வால் நுனியை அவள் கண்ணுக்கு நேரே நீட்டினார். பழைய ஜப்பான் பிடியை மாட்ட மூங்கில் ஆணி போடும் துளை, பாதியோடு அறுபட்டிருந்தது. அறுத்த விளிம்பிலும் அதே கறுப்பு. மயிலம்மாள் கலப்பைக்கொழுவின் துரு பார்த்தே வயசு சொல்பவள். விரலால் தடவினாள், நகத்தால் சுரண்டினாள், மறுபடி தடவினாள்.

“எங்க மாமனார் காலத்துக் கொழுவுலகூட இந்தக் கறுப்பு இல்லியே,” என்றாள், குரல் இறங்கி. “இது நம்ம பாட்டன் பூட்டனுக்கும் முன்னால அறுத்தது. தப்பாப் பேசிட்டேன் தம்பி. நீயே தூக்கு.”

பிச்சை குலுங்கிக் குலுங்கி அழுதான். ஜெகபர் அலிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. “எந்தக் காலத்துக் கப்பல்ல நாகப்பட்டினம் வந்து இறங்குச்சோ!” என்று வாளைத் திருப்பினவர் அப்படியே நின்றுவிட்டார். துருவுக்கு அடியில் உளி வெட்டு. எழுத்து! செய்த கொல்லனின் பெயர். பினாங்கில் அத்தனை வாள்களைப் பிரித்தும் இப்படிப் பழங்காலத்துப் பெயர் ஒன்றுகூட அவர் கைக்குச் சிக்கியதில்லை.

“தேய்ச்சுப் பாருங்க பாய்,” என்றான் பிச்சை. “என் மானத்தைக் காப்பாத்தினீங்க. ஆசை தீரப் பாருங்க.”

ஜெகபர் அலி எழுத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினார்.

“நாளைக்கு இன்னொரு பங்காளி கேட்டா, எதைக் காட்டுவ?” என்று சொல்லிவிட்டு, அரக்கை உருக்கிப் பிடிக்குள் ஊற்றி, வாலை எழுத்தோடு உள்ளே இறக்கினார்.