கைதட்டல் வாங்கிய சாவுமேளம்

பாண்டி, இன்றைக்கும் வெயில் சாய்ந்ததும் மழை பிடித்துக்கொண்டது. நாம் கட்டிய அந்தப் பேனரை இன்னும் யாரும் அவிழ்க்கவில்லை. கோடைக்காலக் கலைவிழா என்று பெரிய எழுத்தில் நனைந்துகொண்டு தொங்குகிறது. தினமும் மழை பெய்கிற நாட்டில் கோடையாம். "இவிங்களை ஒருநா, ஒரே ஒருநா, சித்திர மாசம் நம்ம கம்மாக்கரையில கொண்டாந்து நிறுத்தணும்டா" என்று சொல்லிச் சிரித்தாயே, அந்தச் சிரிப்பு ஞாபகம் வந்தால் எனக்கு எதையாவது போட்டு உடைக்கவேண்டும் போல இருக்கிறது.

இதைப் படிக்கிறவர்களுக்கு: நான் எட்டாவதோடு நின்றவன். கோபத்தில் எழுதுகிறேன், அதனால் மரியாதை முன்னே பின்னே இருக்கும். நானும் பாண்டியும் சிவகங்கைப் பக்கம் ஒரே தெரு. ஈப்போவில் ஒரு கெனோபி கம்பெனியில் வேலை. இங்கே கல்யாணம், சாவு, கட்சிக்கூட்டம் எல்லாவற்றுக்கும் இரும்புக்கால் வைத்த கூடாரம் போடுவார்கள், அதுதான் கெனோபி. ஈப்போவுக்குத் தெற்கே மலையடிவாரத்தில் ஒரு கல்லூரி ஊர் இருக்கிறது. பெயரைச் சொல்லமாட்டேன், சொன்னால் பெர்மிட் போவது எனக்குத்தான். ஒருகாலத்தில் அது முழுக்க ரப்பர் எஸ்டேட்டாம். இப்போது மலை வரைக்கும் எண்ணெய்ப்பனை, நடுவில் கல்லூரிக் கட்டடங்கள். லீவு மாதத்தில் அங்கே பெரிய கலைவிழா நடத்துகிறார்கள். நடனம், நாடகம், சீனர்களின் சிங்க ஆட்டம் எல்லாம் உண்டு. அதற்குக் கூடாரம் போடப் போனோம்.

தமிழ்ப் பிள்ளைகள் பழைய எஸ்டேட் கதையை நாடகமாகப் போட்டார்கள். பால்மரம் வெட்டப் போனவன் காய்ச்சலில் செத்துப்போகிறான், அவனைத் தூக்கிக்கொண்டு போகும்போது பறை அடிக்கவேண்டும். பறை வாங்கிவிட்டார்கள், அடிக்கத் தெரியவில்லை. தோலைச் சூடேற்றினால்தான் சத்தம் வரும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கல்லூரிக்குள் நெருப்பு மூட்டக்கூடாதாம். அதனால் தலைமுடி காயவைக்கிற மெஷினைப் பறைக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றார்கள். பாண்டி கம்பத்தைப் போட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்த வாக்கில் ஒரு பறையை வாங்கி அடித்துக் காட்டினான். எல்லோரும் கைதட்டினார்கள்.

எனக்கு அப்போதே பற்றிக்கொண்டு வந்தது. அவன் அப்பா பறை அடிக்கிறவர். என் அப்பாவும்தான். ஊரில் யார் செத்தாலும் எங்கள் தெருவுக்குத்தான் ஆள் வரும். ஆள் குறைந்தால் பள்ளிக்கூடத்துக்கே வந்து பாண்டியைக் கூட்டிக்கொண்டு போவார்கள். அடித்து முடித்தால் தெருமுனையில் நிறுத்தித் தனியாகச் சோறு. இனி இந்தக் கையால் அதைத் தொடமாட்டேன் என்று சொல்லித்தான் அவன் விமானம் ஏறினான்.

"ஏன்டா, இதைத் தொடமாட்டேன்னுதானே கடல் தாண்டி வந்தே?"

"அங்க அடிச்சா எட்டி நில்லும்பாய்ங்க. இங்க கைதட்டுறாய்ங்கடா. தட்டிட்டுப் போகட்டுமே, உனக்கென்ன எரியுது?"

அதற்கப்புறம் தினமும் வேலை முடிந்து அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தான். அவர்களை ஆட்டிவைத்த லெக்சரரை எல்லோரும் மிஸ் என்பார்கள். அவரும் தமிழர்தான், இந்த நாட்டிலேயே பிறந்தவர். பாண்டியைப் பார்த்தால் "வாங்க மாஸ்டர்" என்பார். அவனும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போவான். வாழ்க்கையில் அவனை யாரும் வாங்க என்று கூப்பிட்டதில்லை.

விழா முடிய ஒருநாள் இருக்கும்போது மலைப்பக்கமிருந்து காற்று வந்தது. மாணவர்கள், பார்க்க வந்தவர்கள் எல்லோரும் மண்டபத்துக்குள் ஓடிவிட்டார்கள். எங்கள் சூப்பர்வைசர் குணா அண்ணே ஈப்போவிலேயே சிலிபின் பக்கத்து ஆள். அவருக்கு உள்ளேயிருந்து போன் வந்தது. "டேய், கால புடிங்கடா. ஸ்பீக்கர் நனைஞ்சா நம்ம தலையிலதான் வைப்பாங்க லா" என்றார். ஆளுக்கொரு காலைப் பிடித்துக்கொண்டு தொங்கினோம். பெருங்காற்று வந்தால் இங்கே எல்லா இடத்திலும் இப்படித்தான், கூடாரத்துக்கு ஆள்தான் எடை. ஒரு வீச்சில் கூடாரம் அப்படியே எழும்பியது. நான் கையை விட்டுவிட்டேன். பாண்டி விடவில்லை. அவனையும் தூக்கிப் போட்டு, மேல்கம்பி அவன் தலையில் இறங்கியது. ஈப்போ ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்தது. ஸ்பீக்கர் நனையவில்லை. குணா அண்ணே அன்றைக்குப் பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அதற்காக அவர்மேல் கோபமில்லை என்று நான் சொல்லமாட்டேன்.

மறுநாள் விழாவை நிறுத்துவார்கள் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. கூடாரம் பிரிக்க எங்களை வரச்சொன்னார்கள். மேடையில் பாண்டியின் போட்டோவைப் பெரிதாகக் காட்டினார்கள். ஒரு நிமிஷம் மௌனம் என்றார்கள். எல்லோரும் எழுந்து தலையைக் குனிந்தார்கள். பிறகு நாடகம். மாலை போட்டு ஒரு மாணவன் பிணமாகப் படுத்திருந்தான். பறை எழும்பியது. பாண்டி அடிக்கிற அதே அடி. நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தி, மூச்சு வாங்கி, திரும்ப எடுப்பான். அதையும் அப்படியே பிடித்திருந்தார்கள். முடிந்ததும் பிணம் எழுந்து கும்பிட்டது. ஜனம் எழுந்து நின்று கைதட்டியது. அந்த நேரம் பாண்டி ஈப்போவில் ஐஸ்பெட்டிக்குள் கேட்பாரில்லாமல் கிடந்தான்.

நேராக மிஸ்ஸிடம் போனேன். "நாளைக்குக் காலைல பெட்டியை ஏர்போர்ட்டுக்கு ஏத்துறாங்க மிஸ். உங்க பிள்ளைங்கள்ல ரெண்டு பேர் வந்து அடிச்சாப் போதும்."

"தம்பி, எனக்குப் புரியுது. ஆனா ஹாஸ்பிட்டல்ல சத்தம் போட விடமாட்டாங்க லா. நாங்கதான் இந்த ஷோவையே அவருக்கு டெடிகேட் பண்ணிட்டோமே. ஒரு நிமிஷம் மௌனமா நின்னோம், பாத்தீங்கல்ல?"

"எங்க ஊர்ல நாதியத்த பொணத்தைத்தான் மிஸ் சத்தமில்லாம தூக்குவாங்க."

அவருக்குக் கண் கலங்கியது. என் கையைப் பிடித்துக்கொண்டார். "சாப்டீங்களா? நாசி லெமாக் நிறைய மிச்சம் இருக்கு. உங்க ஆளுங்களுக்கும் தாப்பாவ் பண்ணிட்டுப் போங்க" என்றார். நல்ல மனுஷிதான். அதுதான் எனக்கு இன்னும் கோபம். நான் கேட்டது ஒன்று, அவர் பொட்டலம் கட்டிக் கொடுக்கச் சொன்னது வேறு. எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் கப்பலில் வந்து செத்தவனுக்கு மேளம், மேடை, விளக்கு. நேற்று செத்தவனுக்கு மௌனம்.

மேடைக்குப் பின்னால் போனேன். பறைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். எல்லோரும் பார்க்க ஒன்றை எடுத்துத் தோளில் மாட்டினேன். எவனாவது கேட்டால் சண்டை போடவேண்டும் என்றே நின்றேன். ஒருத்தரும் கேட்கவில்லை. கம்பெனி சட்டை போட்டிருந்தேன், சாமான் தூக்குகிறவன் சாமான் தூக்குகிறான். ஒரு மாணவி பின்னாலேயே ஓடிவந்து, "அண்ணே, குச்சிய விட்டுட்டீங்க" என்று கையில் கொடுத்து, தேங்க்யூவும் சொல்லிவிட்டுப் போனாள்.

லாரியில் குணா அண்ணே பார்த்துவிட்டார். "என்னடா அது? காலேஜ் பொருளு. நாளைக்கு எனக்குத்தான்டா போன் வரும்."

"வரட்டும் அண்ணே."

வானத்தை எட்டிப் பார்த்தார். "கென்வாஸப் போட்டு மூடு. மழ வருது, தோலு நனஞ்சிரும்" என்றார்.

காலையில் ஆஸ்பத்திரிப் பின்வாசலில் அட்டைப்பெட்டிகளைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சினேன். புகையைப் பார்த்து மலாய்க்காரக் காவலாளி ஓடிவந்தார். "சியாப்பா மாத்தி?" யார் செத்தது என்று கேட்டார். "அடெக் சாயா" என்றேன், என் தம்பி. பெட்டியைப் பார்த்தார், பறையைப் பார்த்தார். "செக்கெஜாப் சாஜா" என்றார். கொஞ்ச நேரம்தான். வண்டி பெரிய ரோட்டில் திரும்பும் வரைக்கும் அடித்தேன். பல வருஷம் தொடாத கை. பாண்டி கேட்டிருந்தால் காறித் துப்பியிருப்பான். ஆனாலும் அடித்தேன். பறை இப்போது மிஸ்ஸிடம் திரும்பப் போய்விட்டது. குணா அண்ணேதான் கொண்டுபோய்க் கொடுத்தார்.

ஊரில் அடக்கம் நடந்த அன்றைக்கு எனக்கு லீவு இல்லை. ஆயர் தாவார் என்கிற ஊரில் ஒரு கல்யாண வீட்டுக்குக் கூடாரம். வீடியோ காலில் பார்த்தேன். மகன் சாவுக்கு அப்பன் அடிக்கக்கூடாது என்று பக்கத்து ஊரிலிருந்து ஆட்களைக் கூப்பிட்டிருந்தார்கள். பாண்டியின் அப்பா வெறுங்கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போனில் பறை ஆரம்பித்ததும் கல்யாணப் பெண்ணின் அம்மா என்னிடம் வந்தார். கையில் மஞ்சள் தட்டு. "தம்பி, கோவிச்சுக்காதய்யா. பொண்ணுக்கு நலங்கு வைக்கிறோம். இந்தச் சத்தம் இங்க கேக்கக் கூடாதுப்பா." இந்த நாட்டில் என்னால் கோபப்பட முடியாத ஒரே ஆள் அந்த அம்மாதான். எங்கள் ஊராக இருந்தாலும் அதைத்தான் சொல்வார்கள்.

போனை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் எண்ணெய்ப்பனைக்குள் போனேன். உள்ளே போகப் போக சிக்னல் போய்விட்டது. பந்தல் பக்கம் வந்தால் பறை கேட்டது, கல்யாண வீடு திரும்பிப் பார்த்தது. தோட்டத்துக்குள் போனால் யாரும் பார்க்கவில்லை, பறையும் இல்லை. நடுவில் சாக்கடைப் பலகைமேல் நின்று, போனை நெஞ்சோடு அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். விட்டு விட்டுக் கேட்டது. அங்கே மண்ணைப் போட்டார்கள். இங்கே கூடாரத்துக்கு இன்னும் ரெண்டு கால் பாக்கி என்று என்னைக் கூப்பிட்டார்கள்.

நீங்கள் கும்பிடுகிற சாமி எதுவாக இருந்தாலும் சரி. கோயிலோ சர்ச்சோ பள்ளிவாசலோ, போகும்போது என் பாண்டிக்காக ஒருதரம் வேண்டிக்கொள்ளுங்கள். மனசுக்குள் வேண்டாம். வாய்விட்டு, அவன் பெயரைச் சொல்லி வேண்டிக்கொள்ளுங்கள்.