பட்டாம்பூச்சிக் காசும் கறிவேப்பிலைச் செடியும்

என் கணவர் எண்ணெய்க் கம்பெனி வேலையாகப் பாப்புவா நியூ கினி நாட்டுக்குப் போய், டெக்சாஸில் சுகர் லேண்ட் ஊரிலுள்ள எங்கள் வீட்டுக்குத் திரும்பியபோது, ஏழு வயது மகளுக்கு அந்த ஊர்ச் சில்லறைக் காசுகளைக் கொண்டுவந்தார். ஒன்றில் ஆமை, ஒன்றில் முள் முள்ளாய் ஒரு மீன். இருப்பதிலேயே சின்னதான செம்புநிறக் காசில் இறக்கை விரித்த பட்டாம்பூச்சி. அது இப்போது அங்கேயே செல்லாதாம். மகளுக்கோ அதுதான் உயிர். தலையணைக்கடியில் வைத்துத் தூங்கினாள்.

"பூச்சியக் கூட காசுல போட்டிருக்காங்க பாரு, எவ்ளோ நல்ல மனசு!" என்று நானும் அவளோடு சேர்ந்து உருகினேன்.

என் உயிர் பின்கட்டுத் தொட்டியில் இருந்தது. கறிவேப்பிலைச் செடி. டெக்சாஸ் குளிரில் கருகிவிடாமல் ஒவ்வொரு வருடமும் வீட்டுக்குள் தூக்கி வைத்துக் காப்பாற்றியது. தோழிகள் ஒரு கொத்து கேட்டாலும் மனசில்லாமல்தான் கிள்ளிக் கொடுப்பேன். போன வாரம் பார்த்தால் பாதிச் செடி மொட்டை. இலைமேல் காக்கை எச்சம் போல அப்பிக் கிடந்தவை நெளிந்தன. புழு! வந்த ஆத்திரத்தில் ஒவ்வொன்றாகத் தட்டி சோப்புத் தண்ணீரில் போட்டேன். பிறகு நிம்மதியாகக் காபி குடித்தேன்.

அன்று சாயங்காலம் ஸ்கூல் பஸ்ஸிலிருந்து இறங்கிய மகள் பையைக்கூடக் கழற்றாமல், காசும் கையுமாகச் செடியிடம் ஓடினாள்.

"அம்மா, வேர் ஆர் மை கேட்டர்பில்லர்ஸ்?"

ஒரு வாரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். பட்டாம்பூச்சியானதும் காட்டி என்னை அசத்தவேண்டும் என்றுதான் வாயைத் திறக்கவில்லையாம். காசில் இருப்பதும் இவையும் ஒரே குடும்பம் என்று ஐபேடில் படித்திருக்கிறாள். "தே ஆர் கசின்ஸ், அம்மா."

"ஏதாவது பறவை கொத்திட்டுப் போயிருக்கும்டா கண்ணு," என்றேன், வாய் கூசாமல். அவள் விம்மி விம்மி அழுதாள். சோப்புத் தண்ணீர் வாளி கதவுக்குப் பின்னால்தான் இருந்தது. என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

ராத்திரி அவளுக்கு ரசம்சாதம் பிசையக் கை ஓடவில்லை. அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"டோன்ட் பி சேட், அம்மா. பேர்ட்ஸும் சாப்பிடணும்ல?"

பிறகு அந்தக் காசை என் இடது கையில் வைத்து விரல்களை மூடினாள். "யூ கீப் இட்."

வாங்கிக்கொண்டேன். அப்போதும் நான் சொல்லவில்லை.