உரிமையாளர் வசிக்கிறாரா?

என் அக்கா இருபத்தாறு வருஷம் ஒரு பெரிய ஓட்டலில் அறை சுத்தம் செய்யும் பிரிவில் வேலை பார்த்தாள். கடைசி ஒன்பது வருஷம் அந்தப் பிரிவுக்கே மேற்பார்வையாளர். ஒருவர் காலி செய்துவிட்டுப் போன அறைக்குள் அடுத்தவர் நுழையும்போது, உலகம் உண்டான நாளிலிருந்து அங்கே யாருமே காலடி வைத்ததில்லை என்று அவருக்குத் தோன்ற வேண்டும். அதுதான் அவள் தொழில். தலையணை உறையில் ஒரே ஒரு முடி கிடந்தாலும் போதும், அந்த அறையைச் சுத்தம் செய்த பெண்ணை வாங்கு வாங்கென்று வாங்கிவிடுவாள். எத்தனையோ பெண்கள் அழுதுகொண்டே வேலை கற்றுக்கொண்டார்கள். இன்றைக்கும் அவளைத் தெருவில் கண்டால் கையிலிருக்கும் காகிதத்தைக் கீழே போடப் பயப்படுகிறார்கள்.

ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தாள். வீட்டில் மூன்று படுக்கையறை, ஒரே ஒரு ஆள். அத்தான் தவறிப்போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. மகன் வேறு ஊரில் மனைவி மக்களோடு இருக்கிறான். இரண்டு தெரு தள்ளிப் பெரிய ஆஸ்பத்திரி. அங்கே நோயாளிக்குக் கட்டில் கொடுப்பார்கள். கூட வந்தவர் தாழ்வாரத்தில் துண்டை விரித்துப் படுக்க வேண்டியதுதான். அந்தக் கூட வந்தவர்களுக்கு அக்கா இரண்டு அறைகளைத் தங்க விட்டாள். போர்டு கிடையாது, விளம்பரம் கிடையாது. ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோ ஓட்டுகிறவர்கள் வழி சொல்லி அனுப்புவார்கள். நாலு வருஷம் இப்படித்தான் ஓடியது. ஒருவர்கூடக் குறை சொன்னதில்லை, அறை அளவுக்கு மீறிச் சுத்தமாக இருக்கிறது என்பதைத் தவிர.

நகராட்சி அலுவலகத்தில் எங்கள் ஊரின் வரைபடம் ஒன்று சுவரில் தொங்குகிறது. கடைகண்ணி உள்ள பகுதிக்குச் சிவப்பு, வீடுகள் உள்ள பகுதிக்கு மஞ்சள். நாங்கள் மஞ்சளில் குடியிருக்கிறோம் என்பதே எங்களுக்குத் தெரியாது. அடுத்த தெருவில் ஒரு புண்ணியவான் புறப்பட்ட பிறகுதான் தெரிந்தது. அவர் நகரத்தின் மறுகோடியில் சொகுசாக இருந்துகொண்டு, இங்கே உள்ள தன் வீட்டை முன்பின் தெரியாத கூட்டத்துக்கெல்லாம் நாள் வாடகைக்கு விட்டார். ஒரு சனிக்கிழமை பதினெட்டுப் பேர், எட்டுக் கார், ஆளுயர ஒலிபெருக்கி. தெருவே திரண்டு நகராட்சிக்குப் போனது. நகராட்சி மூன்று கூட்டம் போட்டுப் பேசி ஒரு விதி கொண்டுவந்தது. மஞ்சள் பகுதியில் வெளியாட்களைத் தங்க வைக்கலாம். ஆனால் இரண்டு அறைக்கு மேல் விடக்கூடாது, உரிமையாளர் அதே வீட்டில் தனக்கென்று ஓர் அறை வைத்துக்கொண்டு வசிக்க வேண்டும்.

நியாயமான விதி. நானே கூட்டத்துக்குப் போய்க் கைதட்டிவிட்டு வந்தேன். அக்காவுக்கு ஒரு பாதிப்பும் இல்லை என்று அவள் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டும் வந்தேன். என்னைப்போல விவரம் தெரிந்தவள் ஒருத்தி குடும்பத்தில் இருந்தால் போதும்.

உரிமையாளர் வசிக்கிறார் என்பதற்கு மின்சார ரசீது காட்டினால் போதாது. அடுத்த தெருக்காரரிடம் எல்லா ரசீதும் இருந்தது. அக்கம்பக்கத்தார் சாட்சியும் செல்லாது. அவருக்காக ஏழு பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அதனால் ஆய்வாளர் ஒருவர் நேரில் வந்து, அறைக்குள் போய், கண்ணால் பார்த்து எழுதுவார். படிவத்தில் அதற்கென்றே ஒரு கட்டம்: 'உரிமையாளர் வசிப்பதற்கான அடையாளங்கள்'.

அதிகாரி வருகிறார் என்றால் நீங்களும் நானும் கூடத்தைப் பெருக்கிவிட்டு, அழுக்குத் துணியை அலமாரிக்குள் திணித்துக் கதவைச் சாத்துவோம். அக்கா மூன்று நாள் வேலை செய்தாள். தங்கியிருந்தவர்களின் அறைகளில் அவள் கை வைக்க முடியவில்லை. ஒன்றில் அம்மாவின் கண் ஆபரேஷனுக்காக வந்த டீச்சர் பன்னிரண்டு நாளாக இருந்தார். இன்னொன்றில் குழந்தையை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த லாரி டிரைவரும் அவர் மனைவியும். ஆகவே அக்காவின் திறமை முழுவதும் அவளுடைய சொந்த அறையின் மேல் இறங்கியது.

ஆய்வாளர் வந்தார். பரீட்சை அட்டை ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டே நடந்ததால் நான் அவருக்கு அட்டைக்காரர் என்று பெயர் வைத்தேன். பாவம், மரியாதையான மனிதர். வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். டீச்சரின் அறையில் ஜன்னல் கம்பியில் ஈரத் துண்டு, கட்டிலில் விடைத்தாள் கட்டு, தரையில் பிஸ்கட் தூள். டிரைவரின் அறையில் பால் பாட்டில், பாதி மடித்த போர்வை, சுவரில் சாய்த்து வைத்த எக்ஸ்ரே உறை. மூன்றாவது அறையில் ஒன்றும் இல்லை. கண்ணாடி மாதிரித் தரை, கோடு பிடித்து மடித்த துண்டு, உறை பிரிக்காத சோப்பு.

"ரொம்ப சுத்தமா வெச்சிருக்கீங்கம்மா," என்றார்.

அக்காவுக்கு வாயெல்லாம் பல்.

"இத யாருக்கு விடறீங்க?"

"யாருக்கும் விடறதில்ல சார். இது என் ரூம்."

அவர் தலையாட்டினார். எல்லா வீட்டிலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள் போலும். அலமாரியைத் திறந்து காட்டச் சொன்னார். அக்காவின் துணிகள் ஒரே அளவில் மடித்து, நிறவாரியாக அடுக்கியிருந்தன. "கடைல இருக்கற மாதிரி இருக்கு," என்றார். அக்கா அதையும் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டாள்.

ஒரு வாரத்தில் கடிதம் வந்தது. 'மூன்று வாடகை அறைகள். உரிமையாளர் வசிப்பதற்கான அடையாளங்கள்: இல்லை. முப்பது நாளுக்குள் மறு ஆய்வு. அதிலும் தவறினால் மூன்று வருஷத்துக்கு யாரையும் தங்க வைக்கத் தடை.' அக்கா அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு மடிப்புக் கலையாமல் மடித்தாள்.

"அடையாளம் இல்லன்னு எழுதியிருக்கார்," என்றாள். "ஓட்டல்ல இதுக்கு எனக்கு அவார்டு குடுத்தாங்க."

விஷயம் சிரிப்பதற்கில்லை. வாடகை வராவிட்டால் அவளுடைய ஓய்வூதியத்தில் அந்த வீட்டை வைத்துச் சமாளிக்க முடியாது. விற்றுவிட்டு மகனிடம் போக வேண்டும். அவன் இதற்காகவே காத்திருந்தவன்போல அன்று மாலையே போன் செய்தான்.

"சித்தி, நீங்களாவது சொல்லுங்க. இங்க கெஸ்ட் ரூம் சும்மாதான கெடக்கு. அம்மா வந்து ராஜாத்தி மாதிரி இருக்கலாம்."

நல்ல பிள்ளைதான். அக்காவிடம் சொன்னேன்.

"கெஸ்ட் ரூம்னுதான சொன்னான்?" என்றாள். "அவன் வீட்டுக்குப் போனா நான் தங்க வந்தவ. எப்ப காலி பண்றன்னு யாரும் கேக்க மாட்டாங்க. நானே கேட்டுக்குவேன்." அவள் இப்படிக் குரல் தழுதழுக்கப் பேசி நான் கேட்டதில்லை.

ஆகவே அந்த அறையில் மனுஷி ஒருத்தி வாழ்வதுபோலச் செய்துவிடுவது என்று முடிவு செய்தேன். மறு ஆய்வுக்கு முந்தின நாள் என் வீட்டிலிருந்தே இரண்டு பை நிறையக் குப்பையைக் கொண்டுபோனேன். எங்கள் வீட்டில் அதற்குப் பஞ்சமில்லை. பாதி படித்த வாரப் பத்திரிகைகள், கைப்பிடி உடைந்த மூக்குக் கண்ணாடி, காலியான தைலப் புட்டி, முடி சிக்கிய சீப்பு. எல்லாவற்றையும் கண்டபடி இறைத்துவிட்டு, காபி குடிக்கச் சமையலறைக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் பத்திரிகைகள் விசிறிபோல அடுக்கப்பட்டிருந்தன. கண்ணாடி அவற்றின் நட்டநடுவில் இருந்தது. தைலப் புட்டியைக் கழுவிக் கவிழ்த்திருந்தாள்.

"அக்கா, தாறுமாறா இருக்கணும்."

"தாறுமாறாத்தான் வெச்சேன்."

"இந்த மேசையப் பாத்தா டாக்டர் கிளினிக் மாதிரி இருக்கு."

சீப்பை மட்டும் அவள் ஒத்துக்கொள்ளவே இல்லை. "இதுல இருக்கறது உன் முடி. கறுப்பா இருக்கு. எனக்கு நரைச்சு எத்தன வருஷமாச்சு? பொய்யாயிடும்." என் கறுப்பும் சாயம்தான் என்று சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டேன்.

"அத்தானோட சட்டை ஒண்ணு இருந்தா ஆணில மாட்டலாம்," என்றேன்.

"குடுத்துட்டேன்னு உனக்குத் தெரியாதா?"

தெரியும். அவர் போன எட்டாம் நாள், சட்டை, செருப்பு, சவரக் கத்தி வரைக்கும் மூட்டை கட்டிக் கொடுத்துவிட்டாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. அறை காலியாகிவிட்டது, அடுத்த ஆளுக்குத் தயார் என்பதுபோல நின்றாள். உனக்கு நெஞ்சுன்னு ஒண்ணு இருக்கா என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். அதை நான் மறக்கவில்லை. அவளும் மறந்திருக்க மாட்டாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அட்டைக்காரர் வரவேண்டும். ஒன்பதரைக்கு நான் போனபோது, என் இரண்டு பைகளும் வாசலில் கட்டி வைக்கப்பட்டிருந்தன. அறை கண்ணாடிபோல இருந்தது.

"அந்தக் குப்பைக்கு நடுவுல தூக்கம் வரல," என்றாள் அக்கா. "அதோட, பொய்."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பைகளை அவள் தலையில் கவிழ்த்திருப்பேன். அதற்குள் அட்டைக்காரர் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது.

அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். முகத்தில் வருத்தம் தெரிந்தது. அக்கா தானாகவே பேசினாள்.

"சார், ஓட்டல்ல இருபத்தாறு வருஷம் பாத்திருக்கேன். தங்க வர்றவங்க துண்ட எறிவாங்க, தண்ணி சிந்துவாங்க. ஏன்னா அவங்க சுத்தம் பண்ண வேண்டியதில்ல. அந்த ரெண்டு ரூமையும் பாத்தீங்க இல்ல? ஆள் இருக்கற அடையாளமே இல்லாத ரூம் ஒண்ணு இருந்தா, அதுல சுத்தம் பண்றவதான் இருக்கான்னு அர்த்தம்."

இதைவிடச் சரியான வாதத்தை நான் எந்த வக்கீலிடமும் கேட்டதில்லை. அட்டைக்காரரும் அதை மதித்தார்.

"நீங்க சொல்றது புரியுதும்மா. ஆனா ஒண்ணுமே இல்லங்கறத நான் எப்படி அடையாளம்னு எழுதறது? மேல கேப்பாங்க." பிறகு தயங்கித் தயங்கி, "கட்டில் விரிப்ப எடுத்துப் பாக்கலாமா? போன தடவையே பாத்திருக்கணும். நீங்க விரிச்சிருந்த அழகுக்குக் கலைக்க மனசு வரல," என்றார். அடுத்த தெருவில் உரிமையாளரின் கட்டில் என்று காட்டியதில், விரிப்புக்கு அடியில் மெத்தைக்குப் பதில் அட்டைப் பெட்டிகள் இருந்தனவாம்.

அக்கா கட்டிலைவிட்டு ஓர் அடி விலகி நின்றாள். அதைச் சம்மதம் என்று நினைத்து அவர் கனத்த விரிப்பை இழுத்து மடக்கினார்.

பழைய இலவம்பஞ்சு மெத்தை. சுவர்ப் பக்கம் ஒரு ஆள் படுத்த பள்ளம் இருந்தது, அக்காவின் உயரத்துக்கு. கதவுப் பக்கம் இன்னொரு பள்ளம். இது நீளம், ஆழமும் அதிகம். இரண்டுக்கும் நடுவில் பஞ்சு வரப்புபோல மேடாக இருந்தது.

அட்டைக்காரர் ஒன்று, இரண்டு என்று பார்த்தார். கடமை தவறாத மனிதர்.

"ஒருத்தர்தான் இருக்கறதா எழுதியிருக்கீங்க. இந்தப் பக்கம் யாரம்மா? இங்கயும் யாரையாவது தங்க வைக்கிறீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா சொன்னாள்.

"அது அவரு படுத்த எடம்."

"வெளிய போயிருக்காரா?"

"இல்ல சார். பதினோரு வருஷமாச்சு."

அவர் எழுதுவதை நிறுத்தினார். "பதினோரு வருஷத்துல மெத்தையத் திருப்பிப் போடலையா?"

"அந்த ரெண்டு ரூம்லயும் மூணு மாசத்துக்கு ஒரு தடவ திருப்பிடுவேன்," என்றாள் அக்கா. "திருப்பலன்னா பள்ளம் விழுந்துடும். ஓட்டல்ல முதல் வாரமே சொல்லிக் குடுக்கறது." பிறகு, "இதத் திருப்பல," என்றாள்.

அட்டைக்காரர் அட்டையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு எழுதினார். கட்டத்துக்குள் இடம் போதாமல் ஓரத்திலும் எழுதினார். பேனாவைச் சட்டைப்பையில் செருகிவிட்டு, தாமே விரிப்பைப் பழையபடி போடப் பார்த்தார். மூலை கோணிக்கொண்டு நின்றது. அக்கா அதைப் பார்த்தாள், தொடவில்லை. அவர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, கடிதம் அடுத்த வாரம் வரும், கவலைப்படாதீங்க என்று சொல்லிப் போனார். சொன்னபடியே வந்தது. இரண்டு அறைக்கு அனுமதி. உரிமையாளர் வசிக்கிறார்.

ஆனால் அன்று அவர் போனதும் நான் அந்த அறைக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தேன். எட்டாம் நாள் நான் கேட்ட கேள்வி ஞாபகம் வந்தது. மன்னிப்புக் கேட்கிற பழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது.

"இத்தன வருஷத்துல ஏன்க்கா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?" என்றேன்.

"நீ வந்தா கட்டில்ல உக்காந்து கதை பேசறவ. சொன்னா, எந்தப் பக்கம் உக்காரறதுன்னு யோசிப்ப."

பதினோரு வருஷமாக வாரத்துக்கு இரண்டு தடவையாவது நான் அந்த வீட்டுக்குப் போகிறேன். போனதும் நேராக உள்ளே வந்து கட்டிலின் கதவுப் பக்கத்தில்தான் உட்காருவேன். அந்தப் பக்கம் கொஞ்சம் பள்ளமாக, உட்கார வசதியாக இருக்கும். ஒரு தடவைகூட அவள் என்னை எழுந்திரு என்று சொன்னதில்லை.