நிற்கிற படியை எண்ணக் கூடாது

ஆறாம் வகுப்பில் நான் கணக்குப் படித்தது வாசலில் நின்றபடிதான். அடையாற்றங்கரையில் இருந்த எங்கள் வீட்டை இடித்துவிட்டு, ஊருக்கு வெளியே ஒரு அடுக்குமாடியில் நான்காவது மாடியில் அரசாங்கத்தில் வீடு கொடுத்திருந்தார்கள். பள்ளிக்கூடம் மட்டும் பழையபடி மயிலாப்பூரில். அம்மாவும் அங்கேயே மாடவீதிப் பக்கம் மூன்று வீடுகளில் வேலை செய்தாள். இரண்டு பஸ் மாறி இருவரும் சேர்ந்தே வருவோம். எப்படி ஓடி வந்தாலும் மணி அடித்த பிறகுதான் போய்ச் சேர்வேன். லேட்டாக வந்தவர்கள் முதல் பீரியட் முடியும்வரை வகுப்பு வாசலிலேயே நிற்க வேண்டும், வாயும் திறக்கக் கூடாது என்பது தலைமையாசிரியை போட்ட சட்டம். எங்களுக்கு முதல் பீரியட் தினமும் கணக்கு.

வாசலில் நின்றால் கதவோரம் இருந்த பீரோ மறைக்கும். கரும்பலகையின் வலது பாதிதான் தெரியும். அந்த வாரம் கணக்கு மிஸ் எண்கோடு ஆரம்பித்தார். நடுவில் சைபர், வலது பக்கம் ஒன்று, இரண்டு, மூன்று. இடது பக்கம் மைனஸ் ஒன்று, மைனஸ் இரண்டு என்று அவர் சொல்லச் சொல்ல, மைனஸ் மொத்தமும் எனக்கு பீரோவுக்குப் பின்னால் போனது.

செவ்வாய்க்கிழமை வீட்டுப்பாட நோட்டு திரும்பி வந்தது. ஐந்து கணக்கிலும் சிவப்பு மையில் தப்பு. மூன்றில் நின்று இடப்பக்கம் ஐந்து அடி எடுத்து வைத்தால் எங்கே நிற்போம் என்று கேள்வி. நான் மைனஸ் ஒன்று என்று எழுதியிருந்தேன். சரியான விடை மைனஸ் இரண்டு. எல்லாக் கணக்கிலும் சரியாக ஒரு அடி குறைந்தது. வகுப்பில் பாதிப் பேருக்கு இதே கதைதான், ஆனால் அம்மா பார்த்தது என் நோட்டை மட்டும்.

"இன்னாடி இது? ரெண்டு பஸ்ஸு மாத்தி உன்ன இட்டாறது இதுக்கா? வெள்ளிக்கெழம பரிச்சைல பாஸ் ஆவலன்னா டீசி வாங்கிடுவேன். இங்கியே பக்கத்துல ஸ்கூலு கீது."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால்தான் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வீடு போய்விட்டது, தெரு போய்விட்டது. அந்தப் பள்ளிக்கூடமும் போனால் மயிலாப்பூரில் என்னுடையது என்று சொல்ல ஒன்றும் இருக்காது. அன்று இரவு நான் சாப்பிடவில்லை. அம்மாவும் கெஞ்சவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் எங்கள் கட்டடத்தில் லிப்ட் ஓடவில்லை, தண்ணீரும் மேலே ஏறவில்லை. அந்த மாதிரி நாட்களில் எல்லோரும் கீழே குழாயடியில் பிடித்து, குடத்தோடு படியேற வேண்டும். படி குறுகல். அதனால் ஒவ்வொரு மாடி ஏறி முடித்ததும் ஏறுகிறவர் எத்தனையாவது என்று உரக்கச் சொல்ல வேண்டும். காலிக் குடத்தோடு இறங்குகிறவர்கள் அதைக் கேட்டு ஒதுங்கி நிற்பார்கள். நானும் "ஒண்ணு", "ரெண்டு" என்று கத்தியபடி ஏறினேன். "மூணு" என்று கத்தியபோது சட்டென்று உறைத்தது. கீழே குழாயடியில் நிற்கும்போது யாரும் "ஒண்ணு" என்று கத்துவதில்லை. ஒரு மாடி ஏறினால்தான் ஒண்ணு. நோட்டில் நான் மூன்றிலேயே விரலை வைத்து "ஒண்ணு" என்று ஆரம்பித்திருந்தேன். சிரித்த சிரிப்பில் கால் குடம் தண்ணீர் படியில் கொட்டியது, அதற்கும் அம்மாவிடம் திட்டு.

வியாழக்கிழமையும் லேட், வாசல். அதே கணக்கைப் போட வகுப்புத் தலைவனை மிஸ் பலகைக்குக் கூப்பிட்டிருந்தார். வலது பக்கம், எனக்குத் தெரிகிற பக்கம், மூன்றின்மேல் சாக்பீஸை வைத்தான். "ஒண்ணு" என்றான். எனக்குப் பொறுக்கவில்லை.

"மிஸ், அவன் நிக்கிற எடத்தியே எண்ணிக்கினு கீறான்!"

மிஸ் வாசலுக்கு வந்தார்.

"அப்போ எப்படி எண்ணணும்? சொல்லு."

"சொன்னா புரியாது மிஸ். ஏறிக் காட்டணும்."

அடி விழும் என்றுதான் நினைத்தேன். அவர் சாக்பீஸை என் கையில் கொடுத்து, மொத்த வகுப்பையும் மாடிப்படிக்குக் கூட்டிவந்தார். படி பாதியில் திரும்புகிற இடத்தில் சைபர் போட்டேன். மேல் படிகளுக்கு ஒன்று, இரண்டு, மூன்று. கீழ்ப் படிகளுக்கு மைனஸ். தலைவனை மூன்றில் நிறுத்தினேன். "கால எடுத்து அடுத்த படில வெச்சாதான் ஒண்ணு" என்றேன். ஐந்து படி இறங்கினான். காலடியில் மைனஸ் இரண்டு! பிறகு நாற்பது பேரும் குதித்த சத்தத்தில் தலைமையாசிரியையே அறையைவிட்டு வெளியே வந்து எட்டிப் பார்த்தார். நாற்பது பேரை நான் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தேன். அவ்வளவு பெருமையாக நான் அதற்கு முன் எங்கேயும் நின்றதில்லை.

வெள்ளிக்கிழமை விடியுமுன்னே அம்மா என்னை எழுப்பி இழுத்துக்கொண்டு வந்தாள். பள்ளி கேட் திறப்பதற்கு முன்பே போய் நின்றோம். தினமும் அப்படி வர இருவராலும் ஆகாது. பரீட்சையில் இருபதுக்குப் பதினெட்டு. ஒரு இடத்தில் மைனஸ் போட மறந்து இரண்டு மார்க் போனது, அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை.

சாயங்காலம் என்னைக் கூட்டிப்போக வந்த அம்மாவின் பையில் டீசி கேட்டு ஒரு கடிதம் தயாராக இருந்தது. வேலை செய்யும் வீட்டில் எழுதி வாங்கியது. விடைத்தாளைக் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்தாள். பிறகு மாடிப்படியில் அழிந்தும் அழியாமலும் கிடந்த எண்களைப் பார்த்தாள்.

"இதெல்லாம் நீயா போட்ட?"

"ஆமா."

விறுவிறுவென்று படியேறினாள். தலைமையாசிரியை அறைக்குத்தான் போகிறாள் என்று தெரிந்ததும் பின்னாலேயே ஓடினேன். அதுவரை அந்த அறை வாசலைத் தாண்டாதவள் உள்ளே போய், மேஜைமேல் விடைத்தாளை வைத்தாள். கடிதத்தை எடுக்கவே இல்லை.

"பஸ்ஸ நான் வெரசா ஓட்ட முடியாதும்மா. கணக்க கொஞ்சம் தள்ளி வையுங்க."

திங்கட்கிழமையிலிருந்து எங்கள் வகுப்புக்குக் கணக்கு மூன்றாவது பீரியட். பீரோவைத் தாண்டி என் இடத்தில் உட்கார்ந்து, மிஸ் போட்ட எண்கோட்டை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தேன்.