சாலி நானாவின் டிரை ஹோல்

துளையிலிருந்து வரும் மண்ணை இரண்டு விரலில் தேய்த்து, மோந்து, சாலி நானா உதட்டைப் பிதுக்கும்போதெல்லாம் அழகமுத்துவுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒன்பது வருஷ எரிச்சல். தொண்ணூற்று நான்கில் இதே தோட்டத் தொழிலாளர் லயத்துக்குக் குழாய்க்கிணறு போட வந்த மனுஷன், எழுபதடியில் "டிரை ஹோல்" என்றுவிட்டு, பைப்புகளை லொறியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகும் அழகமுத்துவின் மனைவி அரைக் கட்டை தூரம் இறங்கி ஓடைத் தண்ணீர் தூக்குகிறாள்.

சாலி நானாவுக்கு ஊர் ருவான்வெல்லை. கல்ஃபில் எண்ணெய்க் கிணறு தோண்டும் மேடையில் பன்னிரண்டு வருஷம் நின்றவர். அங்கே கொடுத்த செம்மஞ்சள் ஓவரோல் உடுப்பு சாயம் போயும் அதைத்தான் போடுவார். தோண்டிய அடியைச் சிகரட் அட்டையில் பென்சிலால் குறிப்பார். ராசியில்லாத இடம் என்று யாராவது வாயெடுத்தால் கோபம் வரும்.

"ராசியும் இல்ல, பேயும் இல்ல. எண்ணெ கொஞ்சம் ஈந்தாலும், எடுக்கப் போதாட்டி அதுவும் டிரை ஹோல்தான். பத்துத் தோண்டினா ஏழு அப்பிடி. வெள்ளக்காரன் அதுக்கு அழுறல்ல. இங்க இல்லண்டு தெரிஞ்சிட்டு, அடுத்த எடத்தப் பாரு."

"வெள்ளக்காரன் பொண்டாட்டி ஓடையில தண்ணி தூக்கலீங்களே நானா," என்றார் அழகமுத்து. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சாலி நானாவும்தான்.

இந்த முறை தோட்டத்துத் தொரை மூன்று துளைக்குத்தான் சம்மதித்திருந்தார். லயத்துக்குப் பின்னால் ஒன்று, ரப்பர் மலையில் ஒன்று. இரண்டிலும் உதடு பிதுங்கியது. மூன்றாவதில் எண்பதடி வரை வெறும் கல்தூள். அழகமுத்து பைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். தொண்ணூற்றிரண்டாவது அடியில் தூள் விரலில் ஒட்டியது. சாலி நானா மோந்தார். இன்னொரு தரம் மோந்தார்.

"ஹரி, தண்ணி ஈக்கு. எல்லாரும் தள்ளி நில்லுங்க."

துளைக்குள் காற்றடித்தார்கள். செங்கலங்கலாய்க் குமுறி வந்த தண்ணீர் கால் மணி நேரத்தில் தெளிந்தது. லயமே குடத்தோடு ஓடி வந்தது. அழகமுத்து இரண்டு கையாலும் ஏந்தி முகத்தில் அடித்துக்கொண்டார். ஈரத்தைத் துடைக்காமலே சாலி நானாவிடம் வந்தார்.

"நானா, கைய கழுவுங்க. வீட்டுல சோறு ஆக்கச் சொல்லிட்டேன்."

"சோறு பொறகு. மத்த ரெண்டு துளையும் வாயத் தொறந்துகிட்டு ஈக்கு. விடியக்காலம் இருட்டுல பால்வெட்ட வாற பொம்புளயளுக்குக் காலு போயிரும்."

சாலி நானா மண்வெட்டியை எடுத்தார். காம்புப் பக்கத்தை அழகமுத்துவிடம் நீட்டினார்.

"கல்லும் மண்ணும் போட்டு, நல்லா மிதிச்சு இறுக்கிட்டு வா முத்து."