சைக்கிள் ஸ்டாண்டில் வைத்த பத்திரிகை

“…ரோட்ல நின்னு குடுத்தா அதுக்குப் பேரு நோட்டீசும்மா. ஊடு தேடி வந்து குடுத்தாத்தான் பத்திரிகை. இன்னா, நா தப்பாவா சொல்லிட்டேன்?” என்று கேட்டார் பெரியப்பா.

அம்மாவைப் பார்த்துக் கேட்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த மாதா படத்தைப் பார்த்துக் கேட்டார். தம்பி பெண்டாட்டியை நேருக்கு நேர் பார்த்துக் கோபித்துக்கொள்வது மரியாதையில்லை என்பது அவர் கட்சி. அதனால் அன்றைக்கு அவர் கேட்ட அத்தனை கேள்விக்கும் மாதாதான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

அம்மா தட்டை ஏந்தியபடி நின்றாள். தட்டில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், கொஞ்சம் பூ, எல்லாவற்றுக்கும் மேலே என் அக்காவின் கல்யாணப் பத்திரிகை. நான் அப்போது நாலாம் வகுப்பு. ஆவடியில் பஸ் ஏறிப் பூந்தமல்லியில் இறங்கி, அங்கே ஷேர் ஆட்டோவில் பிதுங்கி மாங்காடு வந்து, அதற்கப்புறமும் சேற்றில் நடந்து வந்திருந்தோம். கல்யாணம் கிட்டத்தில் வந்துவிட்டது. பெண்ணுக்கு ஒரே பெரியப்பா. அவர் வரப்போவதில்லை என்றால் மாப்பிள்ளை வீட்டார் முகத்தில் எப்படி விழிப்பது என்று அம்மாவுக்குத் தூக்கம் போயிருந்தது. அப்பாவிடம் சொன்னால் அவர் வேறு பக்கம் பார்ப்பார். ஆகவே அவருக்குத் தெரியாமல் என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு அம்மா கிளம்பிவிட்டாள்.

இவ்வளவுக்கும் அப்பா செய்தது என்ன என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அன்பு மிகுந்து போய்ப் பத்திரிகை வைத்துவிட்டார். அவ்வளவுதான்.

அப்பாவும் பெரியப்பாவும் ஒரே டிஃபென்ஸ் ஃபேக்டரி. குவார்ட்டர்ஸில் அடுத்தடுத்த தெரு. பெரியப்பாவுக்குப் பிள்ளைகள் கிடையாது. ரிட்டயரானதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, மாங்காட்டுப் பக்கம் வாங்கிப் போட்டிருந்த மனையில் வீடு கட்டிக்கொண்டு பெரியம்மாவோடு போய்விட்டார். ஃபாதர் வந்து வீட்டை மந்திரித்த அன்று எல்லோரும் போனோம். அதோடு சரி. அப்பாவுக்கு ஷிஃப்ட், எங்களுக்குப் பள்ளிக்கூடம். மழை பெய்தால் அந்தப் பக்கம் ரோடு எது, குட்டை எது என்று தெரியாது. நாங்கள்தான் போகவில்லையே தவிர, பெரியப்பா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆவடிக்குப் பூசைக்கு வந்துவிடுவார். அவர் வீட்டுக்குப் பக்கத்தில் கோயில் இல்லாமலில்லை. கேட்டால், “ஞானஸ்நானம் வாங்கன கோயில உட்டுட்டு எங்க போறது?” என்பார். பூசை முடிந்து சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் நின்று அப்பாவோடு பேசுவார். கிளம்பும்போது, “ஒருநாளைக்கி ஊட்டாண்ட வாங்கடா” என்பார். “வரோம்ணே” என்பார் அப்பா. இது ஒரு ஜெபம் மாதிரி, சொல்லுகிற வரி ஒருவருக்கு, பதில் வரி இன்னொருவருக்கு.

அக்காவுக்கு ஐயப்பன்தாங்கலில் இடம் அமைந்தது. கோயிலில் ஓலை வாசித்துக் கல்யாணத்தை அறிவித்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம் பத்திரிகைக் கட்டுகள் வீட்டுக்கு வந்தன. அப்பா மேலாக இருந்த ஒன்றை எடுத்து, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, பையில் பத்திரப்படுத்திக்கொண்டார். மறுநாள் பூசை முடிந்ததும், கோயிலுக்கு வெளியே குகை மாதிரி கட்டியிருந்த மாதா கெபிக்குப் போய், அந்தப் பத்திரிகையை மாதா காலடியில் வைத்துக் கண்ணை மூடி நின்றார். எடுத்துக்கொண்டு சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் திரும்பினால் எதிரே அண்ணன்.

அப்பாவுக்கு மாதாவே அவரை அனுப்பி வைத்தது போலத்தான் இருந்திருக்கும். கண் கலங்கிவிட்டது. “அண்ணே, மொதப் பத்திரிகை உனுக்குத்தாண்ணே” என்று சொல்லி, அப்படியே அவர் கையில் கொடுத்துவிட்டார்.

கோயில் வாசலில் யாரோ ஒரு ஆள் மனை விற்பனை நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்தான். அதில் ஒன்று பெரியப்பாவின் இடது கையில் இருந்தது. வலது கையில் இப்போது பத்திரிகை. அவர் இதையும் பார்த்தார், அதையும் பார்த்தார். இரண்டையும் சேர்த்து மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். “சரி, நா கெளம்பறேன்” என்றார். வீட்டுக்கு வாங்கடா என்று சொல்லவில்லை. நாங்கள் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை.

இரண்டொரு நாளில் ஃபேக்டரி ஆள் ஒருவர் மூலம் செய்தி வந்தது. “ரோட்ல கூப்ட கல்யாணத்துக்கு ரோட்ல நின்னே ஆசீர்வாதம் பண்ணிட்டுப் போயிடறேன்னு சொல்லு.”

அப்பா நொந்து போனார். அப்புறம் கோபம் வந்தது. “மாதா காலாண்ட வெச்சு எடுத்தத குடுத்துகிறேன். அதப் போயி நோட்டீசுன்றாரு. இப்ப நா போயி இன்னொண்ணு வெச்சா, மொத வெச்சது பத்திரிகையே இல்லன்னு நானே ஒத்துகினா மாரி ஆவாது?” என்று அம்மாவைக் கேட்டார். நியாயமாகத்தான் பட்டது. முதல் பத்திரிகை வாங்கியவருக்கு மறுபடி ஒன்று வைத்தால், அவர் எத்தனையாவதோ ஆளாகிவிடுவார். அண்ணனை அப்படி ஆக்க அப்பாவுக்கு மனமில்லை. வைக்காவிட்டால் அண்ணன் வரமாட்டார். இப்படி ஒருவர் மேல் ஒருவர் வைத்திருந்த மரியாதையே இரண்டு பேரையும் ஆளுக்கொரு பக்கம் கட்டிப் போட்டுவிட்டது.

குவார்ட்டர்ஸில் இந்த வழக்குக்கு நீதிபதிகள் நிறைய. தமிழ்நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் வந்து சேர்ந்தவர்கள். ஆளுக்கொரு சட்டப் புத்தகம் கையோடு கொண்டுவந்திருந்தார்கள். பக்கத்து வீட்டுத் திருநெல்வேலி அத்தை, “வாசப்படி ஏறாம வச்சது செல்லாது பாத்துக்கிடுங்க” என்றாள். மேல் மாடி மதுரைக்காரர், “புருசன் பொண்டாட்டி சோடியா வரணும்ல, ஒத்தையா வந்தா அது தகவல்தான்” என்றார். எதிர் பிளாக் கோயம்புத்தூர் அக்கா, “தட்டு இல்லீங்களா? தட்டில்லாம எப்படீங்க?” என்று கன்னத்தில் கை வைத்தாள். மொத்தத்தில் அப்பா எல்லா மாவட்டத்திலும் தோற்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மரியாதை கெட்டுப்போச்சு, மரியாதை போயிடுச்சு, மரியாதையைக் காப்பாத்தணும் என்று வீட்டில் ஒரே பேச்சு. எங்கள் வீட்டில் எனக்குக் காட்டாமல் எங்கேயோ ஒரு பெரியவரை உட்கார வைத்திருக்கிறார்கள், அவர் முகம் கோணாமல் நடந்துகொள்ளத்தான் எல்லோரும் இந்தப் பாடு படுகிறார்கள் என்று நான் நினைத்தேன். பத்திரிகையில் போட்டிருக்கிற தேதி ரோட்டில் படித்தாலும் அதே தேதிதானே என்று அக்காவைக் கேட்டேன். “வாய மூடு, நானே செத்துகினு கீறேன்” என்றாள் கல்யாணப் பெண்.

இப்போது பத்திரிகை செல்போனில் பாட்டோடு வருகிறது. ரோஜாப்பூ கொட்டுகிறது. கடைசியில், ‘இதையே நேரில் வந்து அழைத்ததாக ஏற்றுக்கொள்ளவும்’ என்று ஒரு வரி. அந்த வரியை முதன்முதலில் எழுதியவர் எங்கே, யாரிடம், எப்படி மாட்டிக்கொண்டு விழித்தவரோ என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

மாங்காட்டு வீட்டில் அம்மா இன்னும் தட்டோடுதான் நிற்கிறாள். பெரியப்பா மாதாவிடம் சொல்லி முடித்துவிட்டார். கடைசியாகக் குரலைத் தணித்து, “நீ வந்தது சந்தோசம்மா. சாப்ட்டுப் போ. தட்ட மட்டும் அப்டியே எடுத்துனு போயிடு. அவன் வராத அழைப்பு எனுக்கு வோணாம்” என்றார். சொல்லிவிட்டு முருங்கை மரத்துக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார். நல்ல மழைக்காலம். அந்த மரத்துக்குத் தண்ணீரே தேவையில்லை.

பெரியம்மா எங்களைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டாள். எனக்கு முறுக்கு கொடுத்தாள். அம்மாவின் காதருகே குனிந்து பேசினாள்; ஆனால் பெரியம்மாவின் ரகசியம் தெருமுனை வரை கேட்கும்.

“சனிக்கெழம பத்திரிகை வந்துடும்னு இவருக்குத் தெரியும். பூச முடிஞ்சி கையோட எல்லாரையும் இட்டாந்துடறேன், நம்ப ஊட்ல வெச்சுதான் மொதப் பத்திரிகை வெப்பான், நீ பாருன்னாரு. விடிகாலைல போயி கறி வாங்கியாந்து போட்டுட்டுதான் பஸ் ஏறனாரு. நா பிரியாணி செஞ்சி, தம்முல வெச்சிட்டு, வாசல்லயே நிக்கிறேன். இவரு மட்டும் தனியா வராரு. எங்க அவங்கன்னேன். பாக்கெட்லேந்து எடுத்து டிவி மேல போட்டாரு. படுத்துக்கினாரு.”

அம்மா பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். என் மனமெல்லாம் அந்தப் பிரியாணி மேல் இருந்தது.

அன்று ராத்திரி சாப்பிடும்போது எனக்குப் பொறுக்கவில்லை. “அப்பா, பெரியம்மா நமக்குன்னு பிரியாணி செஞ்சாங்களாம். நாமதான் போவலியாம். பெரியப்பா கோயிலுக்கு வந்ததே நம்பள கூட்டினு போவத்தானாம். எல்லாத்தையும் அவங்களே சாப்ட்டாங்களாம்!” என்று புகார் செய்தேன். இதற்கு அப்பா பெரியப்பாவைத் தட்டிக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன்.

அம்மா தொடையில் கிள்ளினாள். மாங்காடு போய் வந்த சங்கதி அதோடு வெளியே வந்துவிட்டது. ஆனால் அப்பா அதைப்பற்றிக் கேட்கவில்லை. “கூட்டினு போவவா வந்தாரு?” என்று மட்டும் கேட்டார். அம்மா தலையாட்டினாள். அப்பா தட்டிலிருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், குழம்பு தீர்ந்த பிறகும்.

மறுநாளே ஃபேக்டரிக்கு லீவு சொல்லிவிட்டு, பேன்ட்டை விட்டு வேட்டி கட்டிக்கொண்டு, அம்மாவையும் என்னையும் அழைத்துக்கொண்டு அப்பா மாங்காடு வந்தார். ஆட்டோவில் தட்டை அவரே மடியில் வைத்துக்கொண்டார். பெரியப்பா லுங்கியும் பனியனுமாக வாசலில் உட்கார்ந்து குழாயைக் கழற்றிப் போட்டு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தார். கேட்டுக்கு வெளியிலேயே நின்று, “வரலாமாண்ணே?” என்றார் அப்பா.

பெரியப்பா நிமிர்ந்து பார்த்தார். ஸ்பேனரைக் கீழே வைத்தார். எழுந்து உள்ளே போய்விட்டார்.

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. பெரியம்மா ஓடிவந்து, “உள்ள வாங்க, வாங்க” என்று கூப்பிட்டு ஹாலில் நிற்க வைத்தாள். படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது. பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. அப்பா தட்டில் சரிந்திருந்த வெற்றிலையை நேராக்கி வைத்தார்.

கதவு திறந்து பெரியப்பா வந்தார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, எட்டு முழ வேட்டி, தண்ணீர் தொட்டு வாரிய தலை. கையில் வாட்ச். பட்டப்பகலில் தன் வீட்டு ஹாலில் நிற்பதற்கு வாட்ச் எதற்கு என்று நான் யோசித்தேன். பெரியம்மாவைப் பக்கத்தில் வந்து நிற்கச் சொன்னார். பிறகு அப்பாவைப் பார்த்தார்.

“அண்ணே, மூத்த பொண்ணுக்குக் கல்யாணம் வெச்சிருக்கேன். நீங்களும் அண்ணியும் முன்னால வந்து நின்னு நடத்திக் குடுக்கணும்.”

அப்பா அவரை ‘நீங்க’ என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

“அப்டியா! ரொம்ப சந்தோசம்” என்றார் பெரியப்பா. “மாப்ள எந்த ஊரு?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “பெரியப்பா! உங்களுக்குத்தான் தெரியுமே, பொண்ணு பாக்க வந்தப்ப நீங்கதானே அவங்களுக்கு வழி காட்டி இட்டாந்தீங்க?” என்று ஆரம்பித்தேன். அம்மாவின் விரல்கள் என் தோளில் பதிந்தன.

“ஐயப்பன்தாங்கல்ணே. பஸ் டெப்போவாண்ட ஊடு” என்றார் அப்பா, பணிவாக.

“இன்னா பண்றாரு?”

அப்பா சொன்னார். மாப்பிள்ளையின் படிப்பு, கூடப் பிறந்தவர்கள், எந்தக் கோயில், எத்தனை மணிக்குப் பூசை, எல்லாவற்றையும் பெரியப்பா புதிதாகக் கேட்கிறவரைப்போல் கேட்டார். அப்பா புதிதாகச் சொல்கிறவரைப்போல் சொன்னார். இரண்டு பேருக்கும் ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். அப்புறம் பெரியப்பா இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டார். பத்திரிகையைப் பிரித்து முதல் வரியிலிருந்து உரக்கப் படித்தார். அழைப்போர் வரிசையில் தன் பெயர் வந்ததும் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, அந்த இடத்தை மறுபடி படித்தார்.

சாப்பாட்டுக்குச் சாம்பாரும் அப்பளமும்தான். சொல்லாமல் வந்தால் அப்படித்தான் என்றாள் பெரியம்மா, சிரித்துக்கொண்டே.

கிளம்பும்போது, “நானும் ஆட்டோ வரைக்கும் வரேன்” என்று பெரியப்பா கூடவே வந்தார். பத்திரிகையைப் பையில் வைக்கவில்லை, கையில் பிடித்திருந்தார். அம்மாவும் நானும் முன்பு வந்துபோன வழி நேராக மெயின்ரோட்டுக்குப் போகும். பெரியப்பா எதிர்ப் பக்கம் திரும்பினார். முதல் வீட்டு வாசலிலேயே நின்றார். “இவுரு என் தம்பி. கொழந்தைக்குக் கல்யாணம். பத்திரிகை வெக்க வந்துகிறாரு” என்றார். அடுத்த வீட்டிலும் அதுவே. இஸ்திரி வண்டிக்காரரிடம், மளிகைக் கடைக்காரரிடம், வாசலில் துணி காயப்போட்ட அம்மாவிடம். ஒவ்வொரு இடத்திலும் அப்பா கைகூப்பினார். பஸ் ஒரு நிமிஷம் தாமதமானால் கத்துகிற அப்பா, அன்று வாயே திறக்கவில்லை.

ஒருவழியாக மெயின்ரோடு வந்தது. ஷேர் ஆட்டோ ஒன்று ஆளில்லாமல் உறுமிக்கொண்டு நின்றது. “பூந்தமல்லி, பூந்தமல்லி, ஏறு நைனா!” என்றார் டிரைவர். நான் ஓடிப்போய் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பெரியப்பா அவரைப் பார்த்து, “நீ போப்பா, நாங்க அடுத்ததுல வரோம்” என்று கையசைத்து, என்னை இறக்கிவிட்டார். காலியாக ஆட்டோ நிற்கும்போது யாராவது அதைப் போகச் சொல்வார்களா? எனக்குக் கால் வலி, அழுகை வேறு வந்தது.

“அந்தாண்ட கொஞ்சம் ஊடு பாக்கி கீதுடா” என்று பெரியப்பா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, நாங்கள் இன்னும் போகாத தெருவுக்குள் திரும்பினார்.